இரண்டாவது குப்பி

செல்வத்துக்கு அப்பா எழுதுவது. இதை யாரோ எழுதிக் கொடுத்திருப்பார்கள் என்றுதான் நீ முதலில் நினைப்பாய். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். ஒவ்வோர் எழுத்தும் ஒவ்வோர் உயரத்தில் நிற்பதைப் பார். கூலிக்கு எழுதுகிறவன் இப்படி எழுதித் தர மாட்டான். பெரியவர்களுக்கு நடக்கும் மாலை வகுப்புக்கு நான் ஏழு மாதமாகப் போவது உனக்குத் தெரியும். இவ்வளவு தூரம் வந்துவிட்டேன் என்பது தெரியாது. ஒரு நாளைக்கு அரைப் பக்கம் எழுதுகிறேன். முடிந்ததும் எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து, எழுதியதை விரல் வைத்துப் படித்துப் பார்க்கிறேன். நான் நினைத்தது அப்படியே அங்கே இருக்கிறது. சூளைக் கதவைத் திறக்கும்போது, வைத்த பொம்மை வைத்த இடத்தில் விரிசல் இல்லாமல் நிற்குமே, அந்தச் சந்தோஷம் இந்த வயதில் தினமும் கிடைக்கிறது. டீச்சரம்மா பிழை திருத்தித் தருகிறேன் என்றார். கொடுக்கவில்லை. பிழையோடு சேர்த்து வேறு எதைத் திருத்திவிடுவாரோ என்று எனக்குச் சந்தேகம்.

போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ குறுக்கே பேசுவாய், அதையே சாக்காக வைத்து நான் பாதியில் விட்டுவிடுவேன். வருகிற வியாழக்கிழமை அந்த ஆஸ்பத்திரியில் விசாரணை. ஆய்வகத்தில் வேலை பார்க்கும் தனலட்சுமி என்ற பெண்மேல் நீ கொடுத்த புகாருக்காக உன்னையும் வரச் சொல்லி வீட்டுக்குக் காகிதம் வந்திருக்கிறது. வெளியூர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வருவேன், அவளை விட மாட்டேன் என்று நீ போனில் சொன்னாய். அவள் ஒப்பந்தத்தில் இருப்பவள். புகார் நிரூபணமானால் வேலை போய்விடும். அதற்கு முன் நீ இதைப் படித்தாக வேண்டும். படித்த பிறகு மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடாதே. யார் கேட்டாலும் காட்டு. காட்ட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். நீ பீங்கான் பொம்மைக் கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தாய். நான் அதே கம்பெனியில் சூளை அடுக்கி ஓய்ந்தவன். வடக்கே ஏதோ மலையூரிலிருந்து, பாதிக்குமேல் உடைந்துபோன பெட்டிகள் திரும்பி வந்தன. நாம் வைக்கோல் வைத்து அனுப்பியிருந்தோம். அவர்கள் காய்ந்த காட்டுப்புல்லை அடைத்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். உடையாத பொம்மை இருக்கிறதா என்று நீ கையை விட்டுத் தேடும்போது வலது நடுவிரலின் பின்பக்கம் ஒரு புல்தாள் குத்தி உள்ளேயே ஒடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து ஊசியால் எடுத்தோம். பிறகு நான் நம் கம்பெனிக்காரர்கள் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். அச்சில் ஊற்றும் களிமண் குழம்பைக் கொஞ்சம் கொண்டுவந்து காயத்தின்மேல் அப்பினேன். களி காயும்போது கெட்டதை இழுத்துவிடும் என்று நாங்கள் சொல்வோம். முப்பது வருடம் என் கைக்கு அதுதான் மருந்து. அது தப்பு என்று பின்னால் பெரிய ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரம்மா சொன்னபோதுகூட, களியைப் பற்றி இவங்களுக்கு என்ன தெரியும் என்றுதான் உள்ளுக்குள் நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து அந்த இடத்தில் பயறு அளவுக்கு ஒரு கட்டி வந்தது. வலியில்லை. உடைந்தது, ஆறவில்லை. அப்புறம் புறங்கையில் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று, முன்கையில் ஒன்று என்று தோலுக்கு அடியில் நூல் பிடித்த மாதிரி வரிசையாக ஏறியது. நம் ஊரில் பார்த்த முதல் டாக்டர் கொப்புளம் என்று மாத்திரை கொடுத்தார். இரண்டாமவர் கீறிவிட்டார். இரண்டு பேரும் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார்கள் என்று நான் சந்தேகப்பட்டேன். கம்பெனியில் உன் இடத்துக்கு ஆசைப்பட்டு உன் சித்தப்பா மகன் செய்வினை ஏதாவது வைத்துவிட்டானோ என்றும் சந்தேகப்பட்டேன். அதை வெளியே சொன்னபோது உன் அம்மா, “ராத்திரி படுக்குறப்ப தலைகாணியக்கூட சந்தேகப்பட்டு பொரட்டிப் பாக்குற ஆளாச்சே நீ. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ மொதல்ல,” என்றாள். நான் தலையணையைப் புரட்டுவது உண்மைதான். ஒரு தரம் அதற்குக் கீழே பூரான் இருந்தது.

இரண்டு பஸ் மாறி அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். தோல் டாக்டரம்மா உன் கையைப் பார்த்ததைவிட உன் வேலையைப் பற்றிக் கேட்டதுதான் அதிகம். எதைத் தொடுவாய், எதைத் தூக்குவாய், முள் குத்தியதா, பூனை வளர்க்கிறாயா, அந்தப் புல் எந்த ஊர்ப் புல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கையைக் காட்ட வந்தால் கதை கேட்கிறாரே என்று எனக்கு உடனே ஒரு மாதிரியாக இருந்தது. கடைசியில் அந்தக் கட்டி வரிசையின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே, “எனக்கு ஒரு சந்தேகம் இருக்குது தம்பி. மலைப் பக்கம் வர்ற ஒரு பூஞ்சை இது. தோலுக்கு அடியில வளரும். நம்ம பக்கத்துல நான் பாத்ததே இல்ல. சதையில கொஞ்சம் எடுத்து வளத்துப் பாத்தாத்தான் உறுதியா சொல்ல முடியும்,” என்றார். வளர்த்துப் பார்ப்பது என்ற சொல்லில் நான் நின்றுவிட்டேன். வியாதியை யாராவது வளர்ப்பார்களா? ஏழைப்பட்டவன் கையை வைத்து இவர்கள் ஏதோ செய்து பழகப் போகிறார்கள் என்று முடிவு கட்டினேன். ஆனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அவ்வளவு பொறுமையாகப் பேசுகிறவர்.

இப்போது எழுதப்போகும் இடத்துக்கு வர எனக்கு நான்கு நாள் ஆனது.

சதை எடுத்த அறையிலிருந்து நர்ஸ் வெளியே வந்து என் கையில் இரண்டு குப்பி கொடுத்தார். நீ உள்ளே தையல் போட்டுக்கொண்டு படுத்திருந்தாய். ஒன்றைக் கீழ்க்கட்டடத்தில் கொடுக்க வேண்டும். இன்னொன்றைப் பின்கட்டடத்து ஆய்வகத்தில் கொடுக்க வேண்டும். முதல் குப்பியில் மூக்கில் ஏறும் மருந்துத் தண்ணீர், அதில் உன் சதைத் துண்டு. இரண்டாவதில் வாசனையே இல்லாத தண்ணீர், அதிலும் ஒரு துண்டு. நர்ஸ் சொன்னது இன்னும் அப்படியே காதில் இருக்கிறது. “பெரியவரே, இது மருந்து பாட்டிலு. இது வெறும் உப்புத்தண்ணி. இதுல எதையும் கலந்துடாதீங்க. நேரா கொண்டுபோயிக் குடுத்துடுங்க.” எனக்குப் படிக்கத் தெரியாததால் நடந்துவிட்டது என்று நீ எனக்காகச் சொல்வாய். சொல்லாதே. அவர் வாயால் சொன்னார், தமிழில் சொன்னார், என் காதில் விழுந்தது. நான் நம்பவில்லை.

மாடிப்படிக்குக் கீழே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு குப்பியையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். வெறும் தண்ணீரில் போட்டது எதுவும் நிற்காது என்பது என் கை கற்ற பாடம். சுடாத பொம்மையைத் தண்ணீரில் போட்டால் ஒரு மணி நேரத்தில் கரைந்து சேறாகிவிடும். களிக்குழம்புக்கும் மருந்து சேர்த்தால்தான் அடியில் தங்காமல் நிற்கும். இரண்டு தொட்டியில் பதம் வேறாக இருந்தால், இதிலிருந்து அதில் ஊற்றிச் சரிக்கட்டிவிட்டுத்தான் அச்சில் ஊற்றுவோம். அப்படிச் செய்யாமல் விட்டவனை நான் திட்டியிருக்கிறேன். இங்கே ஒரே கையிலிருந்து எடுத்த இரண்டு துண்டில் ஒன்றுக்கு மருந்து, இன்னொன்றுக்கு வெறும் தண்ணீர். மருந்து தீர்ந்துபோய் நமக்குத் தண்ணீரை ஊற்றித் தள்ளிவிட்டார்கள், உன் சதை அழுகிப்போனதும் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் அது எனக்குச் சந்தேகமாகக்கூடத் தெரியவில்லை, கண்ணால் பார்த்த மாதிரி உறுதியாக இருந்தது. முதல் குப்பியைத் திறந்து, மருந்தில் பாதியை இரண்டாவது குப்பியில் ஊற்றினேன். உன்னைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் மூடியை இறுக்கினேன். பின்கட்டடத்தில் நல்ல கூட்டம். முகத்தில் மாஸ்க் போட்ட ஒரு பெண் வாங்கி வைத்துக்கொண்டாள். அவள்தான் தனலட்சுமி.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உன் உடம்பு பட்டது. கீழ்க்கட்டடத்துக் காகிதத்தில் டிபி மாதிரி முடிச்சு இருக்கிறது என்று வந்தது. ஆனால் கிருமியும் தெரியவில்லை, பூஞ்சையும் தெரியவில்லை. பின்கட்டடத்தில் ஒரு மாதம் வைத்துப் பார்த்தும் ஒன்றும் முளைக்கவில்லை. டாக்டரம்மா, தன் சந்தேகத்துக்குக் காட்ட ஒன்றுமில்லாமல் போனதால், டிபி மாத்திரையைக் கொடுத்து இரண்டு மாதம் பார்க்கலாம் என்றார். சிறுநீர் சிவந்து போனதைப் பார்த்து நீ பயந்தாய். சாப்பிட்டதெல்லாம் வாந்தி. கட்டி முழங்கை வரைக்கும் ஏறியது. மாத்திரை வாங்கப் போன இடத்தில் யாரோ பார்த்து, உனக்குப் பேசி வைத்திருந்த திட்டக்குடிப் பெண் வீட்டுக்குச் செய்தி போய், பையனுக்கு டிபியாமே என்று அவர்கள் பேச்சை முறித்துக்கொண்டார்கள். யார் சொல்லியிருப்பார்கள் என்று நான் தெருவில் ஒவ்வொரு வீடாகச் சந்தேகப்பட்டேன். அந்தப் பெண்ணின் போட்டோவை உன் பர்சிலிருந்து நீயே எடுத்து உன் அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தாய். நான் வாசலில் செருப்பு மாட்டுவது போல நின்றுகொண்டிருந்தேன். அப்போதும் எனக்கு அந்தக் குப்பி நினைவுக்கு வரவில்லை. நான் நல்லது செய்ததாகத்தான் வைத்திருந்தேன்.

டாக்டரம்மா விடவில்லை. மாத்திரையில் குணம் தெரியவில்லை, மறுபடியும் சதை எடுக்க வேண்டும் என்றார். அந்த நாள் உனக்கும் ஞாபகம் இருக்கும். இந்த முறை தனலட்சுமியே மேலே வந்து குப்பியை நேரடியாக வாங்கிக்கொண்டாள். ஏன் என்று நீ கேட்டதற்கு மறைக்காமல் சொன்னாள். பழைய மாதிரியில் மிச்சம் வைத்திருந்ததை எடுத்துப் பார்த்தாளாம், மருந்து வாசனை மூக்கில் ஏறியதாம். அந்த மருந்து பட்டால் பூஞ்சை செத்துவிடும், பிறகு எத்தனை மாதம் வைத்தாலும் முளைக்காது என்றாள். அதைச் சொல்லாமல் அவள் மிச்சத்தைக் கொட்டிவிட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. நீ அவளைப் பார்த்துக் கத்தினாய். ரெண்டு மாசம் விஷம் தின்னேன், கல்யாணம் போச்சு, மூஞ்சில மூக்கு இல்லியா ஒனக்கு என்றெல்லாம் கேட்டாய். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்று கூட்டம், மாஸ்க் போட்டிருந்தேன், கவனிக்கவில்லை என்று மட்டும் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“ஐயா, நீங்கதான கொண்டாந்து குடுத்தீங்க. குடுக்குறப்ப எப்படி இருந்துச்சு?”

“அவுங்க குடுத்த மாதிரியே குடுத்தேம்மா.”

இந்த ஒரு வரியை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். குப்பியில் ஊற்றியது தெரியாமல் செய்தது. இது தெரிந்து செய்தது. உன் கையில் போட்ட புதுத்துணியில் ரத்தம் ஊறிக்கொண்டிருந்தது. அந்த இரண்டாவது வெட்டு என்னால்தான் என்று தெரிந்தால், பஸ்ஸில் என் தோளில் சாய மாட்டாயே என்று பயந்தேன். டாக்டரம்மா நம்மை வெளியே அனுப்பிவிடுவாரோ என்றும் பயந்தேன். அன்று நீ என் தோளில் சாய்ந்து நெய்வேலி தாண்டும் வரைக்கும் தூங்கினாய்.

பத்துப் பன்னிரண்டு நாளில் முளைத்தது. முதலில் அதைப் பார்த்தவள் தனலட்சுமி. ஓடிவந்து டாக்டரம்மாவைக் கூட்டிப் போனாளாம். நமக்கும் காட்டினார்கள். கண்ணாடிக் குழாயில் வெள்ளையாக, சுருக்கம் சுருக்கமாக, ஓரத்தில் கறுத்துக்கொண்டு வந்தது. “இதுதான் தம்பி உன் கையில குடியிருந்தது,” என்று டாக்டரம்மா சொன்னபோது அவருக்கும் அவளுக்கும் முகத்தில் ஒரே சிரிப்பு. பூஞ்சை என்றால் மாத்திரை, ஊசி என்று பெரிதாக இருக்கும் என்று பார்த்தால், பாலில் ஐந்து சொட்டு விட்டுக் குடிக்க ஒரு மருந்து கொடுத்தார்கள். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட்ட வேண்டும். தகரத்தை நக்கினாற்போல இருக்கிறது என்று நீ முகத்தைச் சுளித்தாய், மூக்கு ஒழுகியது. சொட்டு மருந்தில் இவ்வளவு பெரிய வியாதி போகுமா என்று எனக்கு நம்பிக்கையில்லை. உனக்குத் தெரியாமல் நானும் மூன்று சொட்டு விட்டுக் குடித்துப் பார்த்தேன். தகரம்தான். ஒரு மாதத்தில் மேல்கட்டி வற்றியது, நாலாவது மாதத்தில் வடு மட்டும் மிஞ்சியது. எல்லாம் ஆறிய பிறகும் ஒரு மாதம் விடாமல் குடிக்கச் சொன்னார்கள். குடித்தாய். அவர்கள் சொன்னதை நீ அப்படியே கேட்டதால்தான் பிழைத்தாய். நான் சொன்னதைக் கேட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எழுத வேண்டியதில்லை.

நான் வகுப்பில் சேர்ந்தது உன் ஆஸ்பத்திரி ஃபைலை நானே படித்துப் பார்க்க வேண்டும் என்றுதான். அதில் என்னைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்ற பயம். நாலு மாதம் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டு ஃபைலைப் பிரித்தால் உள்ளே அத்தனையும் இங்கிலீஷ். உன் அம்மா அரைநாள் சிரித்தாள். ஆனால் அதன் கடைசியில் தமிழில் ஒரு காகிதம் இருந்தது. நீ கொடுத்த புகாரின் நகல். என் வாழ்க்கையில் நான் முழுதாகப் படித்த முதல் காகிதம் அதுதான். இரண்டு நாள் ஆனது. ஆய்வகப் பணியாளரின் அலட்சியம் என்று எழுதியிருந்தாய். அவள் பெயர் இருந்தது. அதற்குக் கீழே, ‘என் தந்தை மாதிரியைப் பத்திரமாகக் கொண்டு சேர்த்தார்’ என்று ஒரு வரி.

அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. முதலில் அழுகை வந்தது. அப்புறம் என் புத்தி போகும் வழியிலேயே போனது. இந்த வரி எதற்கு? என்னை யாரும் குற்றம் சொல்லவில்லையே. உன்னிடம் யாரும் கேட்காததற்கு நீ ஏன் முந்திக்கொண்டு பதில் எழுதினாய்? அன்று அவள் என்னைக் கேட்டபோது, நான் பதில் சொன்ன பிறகு, நீ ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தாய். உடனே திரும்பி அவளிடம் முன்னைவிடச் சத்தமாகக் கத்தினாய். அதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். உனக்கு அப்போதே தெரிந்துவிட்டதோ என்று சந்தேகப்படுகிறேன், செல்வம். அப்பனைக் காப்பாற்றத்தான் அந்த வரியை எழுதினாயோ? அப்படியானால் நான் ஒரு பொய் சொன்னேன், நீ அதற்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். ரெண்டு பேருமாகச் சேர்ந்து உன் வியாதியைக் கண்டுபிடித்தவளின் சோற்றில் கை வைத்திருக்கிறோம்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனாலும் அப்பன், சொல்லாமல் இருக்க முடியாது. சந்தேகப்படாதே என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். ஊரெல்லாம் டிபி என்றபோது டாக்டரம்மா சந்தேகப்பட்டார், அதனால்தான் உனக்குக் கை இருக்கிறது. அவர் சந்தேகம் வந்ததும் கேட்டார். புல்லைக் கேட்டார், பூனையைக் கேட்டார், தனக்கு உறுதியாகத் தெரியாது என்று நம்மிடமே சொன்னார். நான் சந்தேகம் வந்ததும் வாயை மூடிக்கொண்டு கையால் வேலை செய்தேன். அந்த நர்ஸிடம், ஏம்மா இதுக்கு மட்டும் மருந்து ஊத்தலே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். நாளைக்கு உனக்கு ஒரு குடும்பம் வரும். பொண்டாட்டி, பிள்ளை, வேலை செய்யும் இடம், யார்மேலும் உனக்குச் சந்தேகம் வரும், என் ரத்தம்தானே. வந்தால் அவர்கள் முகத்துக்கு நேரே கேட்டுவிடு. அசிங்கப்பட்டாலும் கேட்டுவிடு.

அதை நான் இப்போதுதான் முதல் தடவையாகச் செய்கிறேன். வாய்விட்டுக் கேட்கிறேன்: உனக்குத் தெரியுமா, தெரியாதா?

நடந்ததை எல்லாம் ஒரு பக்கத்தில் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். விசாரணை நடத்துகிறவர்கள் கையில் கொடுப்பேன். அவர்கள் என்னையும் நம்பாமல், இது வேறு யாரோ எழுதிக் கொடுத்ததா என்று கேட்டால், அங்கேயே அவர்கள் எதிரில் உட்கார்ந்து மறுபடியும் எழுதிக் காட்டுவேன். நேரமாகும், காத்திருக்கட்டும். வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்புகிறேன். உன் அம்மாவும் வருகிறேன் என்கிறாள். நான் பாதி வழியில் இறங்கித் திரும்பிவிடுவேனோ என்று அவளுக்குச் சந்தேகம்.

தெரியாது என்றால், கோபத்தோடு வா. என்னை எல்லோர் முன்னாலும் திட்டு, நான் தலைகுனிந்து கேட்டுக்கொள்கிறேன். தெரியும் என்றாலும் வா. ஆனால் எனக்கு ஆதரவாக ஒரு வார்த்தை பேசாதே, என் பக்கத்தில் உட்காராதே. புகாரை நீ திருப்பி வாங்கும் வரை அந்தப் பெண் தனியாகத்தான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். அவள் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்.

உன் அப்பா